மறியலுக்கு வழக்கு, வேலிக்கு விலக்கா?

2023 பிப்ரவரி 2 காலை. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்காக ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் திரண்டிருந்தார்கள். கொம்பில் வண்ணத் தட்டிகள் கட்டிய காளைகள் வந்துவிட்டன, அனுமதி மட்டும் வரவில்லை. பொறுமை இழந்த கூட்டம் பக்கத்திலேயே போகும் தேசிய நெடுஞ்சாலையில் இறங்கியது. சாலையில் கற்கள் வந்து விழுந்தன. இரண்டு பக்கமும் பேருந்துகளும் லாரிகளும் மணிக்கணக்கில் நின்றன. கல்வீச்சில் கண்ணாடிகள் நொறுங்கின. போலீசார் தண்ணீரைப் பீய்ச்சி, கண்ணீர்ப் புகைக்குண்டு வீசித்தான் கூட்டத்தைக் கலைக்க முடிந்தது. பிறகு பெருந்திரளாகக் கைது, வழக்கு.

அது காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை. ஓசூர் சிப்காட்டின் ஷிப்ட் பேருந்துகளும் ராயக்கோட்டைத் தக்காளி லாரிகளும் பெங்களூரு மருத்துவமனைகளுக்குப் போகும் நோயாளிகளும் நம்பியிருக்கும் சாலை. அதில் போன பேருந்தின் மீது கல் எறிந்தவர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. விழாவுக்கு அனுமதி தாமதமானது அதிகாரிகளின் தவறாகவே இருந்தாலும், அதற்கான விலையைப் பேருந்தில் உட்கார்ந்திருந்தவர் தரக் கூடாது.

ஆனால், கோபசந்திரத்தில் சாலை அடைபட்டது சில மணி நேரம். தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டாரங்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும் பொதுவழிகளும் ஓடைகளும் இருக்கின்றன. அவற்றை அடைத்தவர்கள் மீது முதல் தகவல் அறிக்கை பதிவானதாகக் கேள்விப்படுவதே அபூர்வம். நெடுஞ்சாலையை மறித்தவரைத் தேடிப் பிடிக்கும் அதே காவல் நிலையம், ஊர்ப் பாதையை மறித்தவரைப் பற்றிப் புகார் கொடுக்கப் போனால், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவைக்கிறது. குற்றத்தை அளக்கும் கோல் இங்கேதான் கோணிப்போகிறது. வழி எவ்வளவு காலம் அடைபட்டது, அதனால் யாருக்கு என்ன இழப்பு என்று பார்க்க வேண்டிய சட்ட நடைமுறை, எவ்வளவு சத்தம் எழுந்தது என்பதைப் பார்க்கிறது.

சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1860-இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 283-ஆவது பிரிவே, பொதுவழியிலோ படகு போகும் நீர்வழியிலோ இடையூறு செய்வதைக் குற்றம் என்றது. அன்று அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். 160 ஆண்டுக்கு மேல் அந்தத் தொகை அசையவே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 285-ஆவது பிரிவாகி, அபராதம் 5,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. சிறை கிடையாது.

இந்தப் பிரிவில் பலரும் கவனிக்காத ஒரு வலு இருக்கிறது. ஒன்றைச் செய்து வழியை மறித்தால் மட்டுமல்லாமல், தன் பொறுப்பில் உள்ள பொருளைக் கவனிக்காமல் விட்டு அதனால் வழி தடைபட்டாலும் குற்றம்தான். கருங்கல் ஏற்றிய லாரி ஒன்று தளிச் சாலையில் டயர் வெடித்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளீனர் சக்கரத்துக்கு முட்டுக் கல் வைக்கிறார். எச்சரிக்கையாக லாரிக்குப் பின்னால் ஒரு மரக்கிளையை ஒடித்துப் போடுகிறார். பின்விளக்கு இல்லை. டயர் மாற்றிய பிறகு லாரி போய்விடுகிறது, முட்டுக் கல் சாலையிலேயே கிடக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு அந்தக் கல்தான் எமன். கல்லை விட்டுப் போனதே 285-க்குப் போதுமானது. விபத்து நடந்து யாராவது விழுந்த பிறகுதான் நமது காவல் நிலையங்களுக்கு இந்தப் பிரிவு நினைவுக்கு வருகிறது.

இதைவிடக் கடுமையான பிரிவும் உண்டு. அதே சன்ஹிதாவின் 326-ஆவது பிரிவின்படி, பொதுச்சாலை, பாலம், படகு போகும் ஆறு, கால்வாய் ஆகியவற்றைக் கடக்க முடியாதபடியோ ஆபத்தாகும்படியோ சேதப்படுத்தினால் ஐந்தாண்டு வரை சிறை. பாசனத்துக்கோ குடிநீருக்கோ வரும் தண்ணீரைக் குறைக்கும்படி செய்தாலும் ஐந்தாண்டு. பொது வடிகாலை அடைத்து வெள்ளத்தால் சேதம் உண்டாக்கினாலும் அதே ஐந்தாண்டு. பழைய சட்டத்தில் 430, 431, 432 என்று தனித்தனியாக இருந்தவை இவை. 285-க்கும் 326-க்கும் உள்ள வேறுபாடு, பிறருக்கு இழப்பு நேரும் என்று தெரிந்தே செய்தாரா என்பதுதான். ஏரிக்கு வரும் ஓடையை ஜே.சி.பி. வைத்து மூடுகிறவருக்குக் கீழே உள்ள வயல் காயும் என்பது தெரியாமல் இருக்குமா?

கர்நாடக எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில் நிலத்தின் விலையை இப்போது பெங்களூருதான் நிர்ணயிக்கிறது. ராகியும் அவரையும் விளைந்த காடுகள் பண்ணை வீடுகளாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறி வருகின்றன. வாங்குபவர் முதலில் செய்யும் வேலை, நான்கு புறமும் கல்தூண் நட்டு முள்கம்பி இழுப்பது. தனது நிலத்துக்கு வேலி போடுவது அவரது உரிமை. அந்த நிலத்தின் ஓரமாகவோ நடுவிலோ தலைமுறை தலைமுறையாக மாட்டு வண்டி போன பாதையும், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிற்றோடையும் வேலிக்குள் போய்விடுவதில்தான் சிக்கல். பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு வழியாகப் போன பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அதிகாலையில் ரோஜாவும் குடைமிளகாயும் ஏற்ற வேண்டிய சிறு வண்டி தோட்டம் வரை போக முடியாமல், கூடைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. சந்தைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போன பூவுக்கு என்ன விலை கிடைக்கும் என்று தளி விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்போது போலீசார் சொல்லும் 'சிவில் மேட்டர்' என்ற பதிலுக்கும் சட்டத்தில் ஒரு மூலம் இருக்கிறது. ஒருவரைப் போக விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவில், தனியார் வழியைத் தடுக்கத் தனக்கு உரிமை உண்டு என்று ஒருவர் நல்லெண்ணத்துடன் நம்பினால் அது குற்றமாகாது என்ற விலக்கு இருக்கிறது. நியாயமான விலக்குதான். ஆனால் அது தனியார் வழிக்கு மட்டுமே பொருந்தும். வருவாய்த் துறையின் நில அளவை வரைபடத்தில் வண்டிப்பாதை என்றும், அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்றும் எழுதப்பட்டிருக்கும் இடத்துக்கு அந்த விலக்கை நீட்டுவது தவறு. வரைபடத்தை ஒரு முறை புரட்டிப் பார்த்தால் தீர்ந்துவிடும் கேள்வியை, பத்தாண்டு உரிமையியல் வழக்காக மாற்றிவிடுவது வேலி போட்டவருக்கு மட்டுமே லாபம்.

வழியை அடைப்பதன் கொடூரம் எதுவரை போகும் என்பதைப் பக்கத்து மாவட்டத்தில் பார்த்திருக்கிறோம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், இறந்துபோன தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே ஆற்றங்கரைக்கு இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் இருந்த நிலங்கள் வேலி போடப்பட்டிருந்தன. பாடையை மேலே இருப்பவர்கள் மெல்ல மெல்லக் கயிற்றில் விட, கீழே நிற்பவர்கள் கைநீட்டி வாங்கும் அந்தக் காட்சி வீடியோவாகப் பரவிய பிறகே நாடு அதிர்ந்தது, சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதற்கு முன் அந்த ஊர் மக்கள் அதே பாலத்திலிருந்து பல உடல்களை இறக்கியிருக்கிறார்கள். அத்தனை காலம் அந்த வழி அடைபட்டிருந்ததில் எந்த அலுவலகத்தின் கண்ணிலும் குற்றம் படவில்லை.

பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுவழி, ஆறு, ஏரி, சுடுகாடு ஆகியவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. 2015 திருத்தம் அதை இன்னும் தெளிவாக்கியது. இந்த மண்ணில் அந்த உரிமைக்கான போராட்டம் அதைவிட மிகப் பழையது. பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல். அரசு அதை ஏற்று ஆணையும் வெளியிட்டது. நூறு ஆண்டு கழித்தும் வழிக்காக மனு எழுதிக்கொண்டிருக்கும் ஊர்கள் இருப்பது வெட்கக்கேடு.

தண்ணீர் வழிக்கு வருவோம். தளி மேட்டு நிலம். இந்த வட்டாரத்தில் பெய்யும் மழை ஏரியிலிருந்து ஏரிக்குக் கோடி போய், ஓடையாகச் சேர்ந்து இறங்குகிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைகளின் நீர் சின்னாறாகிப் பஞ்சப்பள்ளி அணைக்குப் போய், ஒகேனக்கல்லில் காவிரியில் சேர்கிறது. மேலே ஒரு கால்வாயில் கட்டடக் கழிவைக் கொட்டினால் கீழே எத்தனை ஏரி நிரம்பாமல் போகும் என்பதை ஆயக்கட்டு விவசாயிகள் விரல்விட்டுச் சொல்வார்கள். எதிர்ப்பக்கம் பெங்களூருவில் என்ன நடந்தது என்பதும் கண்ணெதிரே இருக்கிறது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகளில் தண்ணீர் புகுந்து, பல கோடி ரூபாய் வீடுகளிலிருந்து மக்களை டிராக்டரிலும் படகிலும் வெளியே கொண்டுவந்தார்கள். ஏரிகளை இணைத்த ராஜகால்வாய்களை மறித்துக் கட்டியதன் விளைவு அது. ஓசூரும் அதே பாதையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

சட்டத்தின் மொழியில் இங்கே ஓர் இடைவெளி இருப்பதையும் சொல்ல வேண்டும். 285-ஆவது பிரிவு நீர்வழி என்று சொல்வது படகும் கப்பலும் போகும் தடத்தை. 1860-இல் கல்கத்தாவிலிருந்து எழுதியவர்களுக்குக் கங்கைக் கிளைகள் கண்ணில் பட்டிருக்கும், மழைக்கு மட்டும் ஓடும் வறண்ட மேட்டு நிலத்து ஓடை பட்டிருக்காது. 2023-இல் சட்டத்தை மாற்றி எழுதியபோதும் நாடாளுமன்றம் அந்தச் சொற்களை அப்படியே விட்டுவிட்டது. ஓடையும் வரத்துக்கால்வாயும் பொதுவழிதான் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்காததால், ஓடையை மூடியவரைப் பிடிக்க 326-ஐத்தான் எடுக்க வேண்டும், இழப்பை நிரூபிக்க வேண்டும். பொதுப்பணித் துறையின் ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. சிற்றோடைக்கு அந்தப் பாதுகாப்பும் எட்டுவதில்லை.

நீர்வழியைக் கெடுத்தால் சாலையும் அடைபடும் என்பதற்கு ஓசூர் மக்களுக்கு யாரும் உதாரணம் தேட வேண்டாம். நந்திமலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருப் பக்கத்துக் கழிவுகளைச் சுமந்துகொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது வெள்ளை நுரை மலைபோல எழும்பி நந்திமங்கலம் பக்கத்துத் தரைப்பாலத்தை மூடி, போக்குவரத்தை நிறுத்தியிருக்கிறது. ஆளுயர நுரைக்குள் பாலத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் வண்டிகள் நிற்கின்றன, நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. இந்தச் சாலை மறியலை நடத்தியவர் யார்? எந்த நிலையத்தில் வழக்கு? 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம், ஆற்றில் நச்சுக் கழிவைக் கலப்பவருக்கு ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை என்றது. 2024-இல் வந்த திருத்தம், அதை ஏற்கும் மாநிலங்களில் சிறையை எடுத்துவிட்டு 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றிவிட்டது. பெரிய ஆலைக்கு 15 லட்சம் என்பது கழிவைச் சுத்திகரிப்பதைவிட மலிவான செலவு. தமிழ்நாடு இந்தத் திருத்தத்தின் பக்கம் போகவே கூடாது.

சாலை மறியல் என்ற போராட்ட வடிவத்துக்கு இந்த வட மாவட்டங்களில் ஆழமான நினைவு உண்டு. 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் வன்னியர் சங்கம் நடத்திய மறியலில் மரங்களை வெட்டிச் சாய்த்துச் சாலைகளை அடைத்தார்கள். 21 பேர் உயிரிழந்தார்கள், பலர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. அந்த வாரத்தில் நடுவழியில் சிக்கியவர்களின் துன்பமும் உண்மை, அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருந்த வறுமையும் உண்மை. இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு மறியலைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

நீதிமன்றங்கள் இந்த இரண்டையும் எடைபோட முயன்றிருக்கின்றன. டெல்லி ஷாகீன்பாக் வழக்கில் 2020 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், எதிர்ப்புத் தெரிவிக்க உரிமை உண்டு, ஆனால் பொதுச்சாலையைக் காலவரையின்றி ஆக்கிரமிக்க உரிமை இல்லை என்றது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 2018 செப்டம்பரில், மதுரைக் கிளையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஜீவானந்தம் வழக்கில் தந்த தீர்ப்பு, தடை உத்தரவை மீறினார்கள் என்ற பெயரில் போலீசாரே நேரடியாக வழக்குப் பதிந்து போராடுபவர்களை இழுத்தடிக்கும் பழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது. 2021 செப்டம்பரில் தமிழக அரசு, வேளாண் சட்டம், குடியுரிமைச் சட்டம், கூடங்குளம், எட்டுவழிச் சாலை போன்றவற்றுக்கு எதிராகப் போராடியவர்கள் மீதிருந்த 5,570 வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. திரும்பப் பெற்றது நல்ல முடிவு. ஆனால், அத்தனை வழக்கு போட்டு, அத்தனை பேரை நீதிமன்றத்துக்கு அலையவிட்டு, காவலர்களின் நேரத்தையும் செலவழித்துவிட்டு, கடைசியில் எதையும் நிரூபிக்காமல் கைவிடும் முறைக்குச் சட்டத்தின் ஆட்சி என்று பெயர் வைக்க முடியாது.

அரசே சாலையை அடைத்தால்? பஞ்சாப், ஹரியானா எல்லையில் ஷம்புவில் 2024 பிப்ரவரியில் விவசாயிகளைத் தடுக்க ஹரியானா அரசு காங்கிரீட் தடுப்புகளை எழுப்பியது. ஜூலை 10 அன்று உயர் நீதிமன்றம் ஒரு வாரத்தில் திறக்கச் சொன்னது. மேல்முறையீடு, பேச்சுவார்த்தை என்று இழுத்து, 2025 மார்ச்சில்தான் அந்த நெடுஞ்சாலை திறந்தது. ஓராண்டுக்கும் மேல் அடைபட்ட அந்தச் சாலைக்காக எந்த அதிகாரியும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. நம் பக்கம் கர்நாடக எல்லையில் உள்ள ஜூஜூவாடியிலும் சாலை அடைபடுவதன் சிறு வடிவத்தைப் பார்க்கிறோம். காவிரிப் பிரச்சினை சூடானால் தமிழகப் பேருந்துகள் எல்லையில் நிற்கும். 2016 செப்டம்பரிலும், 2023 செப்டம்பர் 29 கர்நாடக பந்த் அன்றும், பையும் குழந்தையுமாக மக்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள அத்திப்பள்ளி வரை நடந்தார்கள். பந்த் என்ற பெயரில் மக்களை முடக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லி, உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 1997-இல்.

தண்டனையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே 2022-இல் நெடுஞ்சாலையை மறிப்பதற்குச் சிறைத் தண்டனை கொண்டுவந்தார்கள். மறியல் முயற்சிகள் அதோடு நின்றுவிடவில்லை. 2024 ஜூலையில், லண்டனைச் சுற்றிய எம்25 சாலையை முடக்கத் திட்டமிட்டதற்காகக் காலநிலைப் போராளி ஒருவருக்கு ஐந்தாண்டு சிறை கிடைத்தது. இந்தியாவில் சட்டத்தின் கடுமைக்குப் பஞ்சம் இல்லை. கையில் இருக்கும் சட்டத்தைச் சரியான ஆளை நோக்கித் திருப்புவதில்தான் பஞ்சம்.

திருப்புவதற்கான கருவி ஓசூர் சார் ஆட்சியரின் மேசையிலேயே இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133. பொதுவழி, ஆறு, கால்வாய் ஆகியவற்றில் உள்ள தடையை இன்ன நாளுக்குள் அகற்று, இல்லையென்றால் வந்து காரணம் சொல் என்று உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. வேலி போட்டவர் அது பொதுவழியே இல்லை என்று நம்பத்தகுந்த ஆதாரம் காட்டினால் மட்டுமே விஷயம் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். புதிய சட்டம் விசாரணைக்கு 90 நாள் கெடு வைத்திருக்கிறது. காரணத்தை எழுதிவைத்து 120 நாள் வரை நீட்டலாம், அதற்கு மேல் முடியாது. இந்தப் பிரிவின் வலிமையை 1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் காட்டினார். சாக்கடை அடைத்து நாறிய தெருவைச் சரிசெய்யப் பணமில்லை என்று நகராட்சி சொன்ன சாக்கை அவர் ஏற்கவே இல்லை. தனியாரைப் போலவே அரசு அமைப்பும் இந்தப் பிரிவுக்குக் கட்டுப்பட்டது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. எருது விடும் விழாவுக்கு விண்ணப்பித்த ஊருக்கு அனுமதியோ மறுப்போ விழாவுக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் போய்ச் சேர வேண்டும். காலையில் காளைகள் வந்து நிற்கும்போது பதில் சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். அமைதியாக ஒரு மணி நேரம் சாலையில் உட்கார்ந்து கலைந்தவர்கள் மீது வழக்குகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு, கல் எறிந்தவர், ஓடையில் மண் கொட்டியவர், வண்டிப்பாதையில் கல்தூண் நட்டவர் ஆகியோர் மீது வழக்குப் போட்டு, அதைத் தீர்ப்பு வரை நடத்த வேண்டும். வருவாய்த் துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒவ்வொரு ஜமாபந்தியிலும் அந்தந்தக் கிராமத்தின் பொதுவழிகளும் ஓடைகளும் வரைபடத்தில் உள்ளபடி திறந்திருக்கின்றனவா என்று கிராம நிர்வாக அலுவலர் மக்கள் முன்னால் வாசிக்க வேண்டும்.

வழி அடைபட்ட ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாலுகா அலுவலகத்தில் நில அளவை வரைபடத்தின் நகலையும் அ-பதிவேட்டின் நகலையும் வாங்குங்கள். வேலியைத் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் பொதுவான மனுவாகக் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். சார் ஆட்சியரின் பெயருக்கு, 152-ஆவது பிரிவின் கீழ் நடவடிக்கை கோருவதாகத் தலைப்பிட்டு எழுதி, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள்.